தேடுவோம் என்றவர்

அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டது கிடையாது. பரணில் புளி இருக்கிறதா என்று வீட்டில் அவர் சம்சாரம் கேட்டால், பரண் காலியாய்க் கிடப்பது கீழே நின்றாலே தெரியும். அப்போதும் "தேடுவோம்" என்று ஏணியைச் சாத்துவார். "இவுககிட்ட கேட்ட நேரத்துக்கு நான் கடைக்குப் போயி வாங்கிட்டே வந்திருப்பேன் தம்பி" என்று அந்த அம்மாள் என்னிடம் நொந்துகொள்ளும். தெருவில் யாரோ வந்து யாரையோ விசாரிப்பார்கள். அப்படி ஒரு ஆள் இங்கே கிடையாது என்று ஊரே சொன்ன பிறகு இவர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, அடுத்த தெருவுல கேப்போம்" என்று கூடவே நடப்பார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பழைய ரிக்கார்டுகள் அடைந்து கிடந்த ஒரு கட்டடத்துக்கு அவர்தான் காப்பாளர். நான் அங்கே பைண்டர். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சுவதும், கிழிந்த தாளுக்கு முதுகு ஒட்டுவதும், மூட்டைக்குத் துணி தைப்பதும் என் வேலை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஒட்டும் தாளில் என்ன இருக்கிறதோ, கோணலாய் ஒட்டினால் யார் குடி கெடுமோ என்று எனக்கு எப்போதும் உள்ளே ஒரு உதறல். அவருக்கு அந்த உதறலே கிடையாது. நெடுநெடுவென்ற ஆள். மூடிய கழுத்துக் கோட்டு. சமஸ்தானம் போன பிறகும் தலைப்பாகையை அவர் கழற்றவில்லை. "யாருக்குய்யா இந்த முண்டாசு? ராசாதான் போயாச்சே" என்று பியூன் கேலி செய்வான். "உள்ள இருக்கவுகளுக்கு அது இன்னும் தெரியாதுல்ல" என்பார்.

உள்ளே இருக்கிறவர்கள் என்று அவர் சொன்னது தாள்களைத்தான். ஆனால் தாள் என்றோ கட்டு என்றோ அவர் சொல்லமாட்டார், ஆளுக என்றுதான் சொல்வார். ஒவ்வோர் அறையையும் திறக்குமுன் கதவுக்கு வெளியே நின்று இரண்டு தரம் கனைப்பார். முதல் தடவை அதைப் பார்த்ததும் கேட்டேன்.

"எதுக்குங்கய்யா கனைக்கிறீங்க?"

"ஆள் இருக்க வீட்டுக்குள்ள சொல்லாமக் கொள்ளாம நொழைவியாப்பா?"

அந்த அறைகளில் இல்லாதது எது என்று சொல்வது கஷ்டம். கோயில் மானியங்களின் ஓலைகள் வசம்பு வாசனையோடு ஒரு அலமாரி நிறைய இருந்தன. கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி எடுத்த படிகள் பாய் போலச் சுருட்டிக் கிடந்தன. துணியில் ஒட்டிய வயல் படங்கள் இருந்தன, குடிகளின் மனுக்கள் இருந்தன, அரண்மனை யானைக்கு வைத்த வைத்தியத்துக்கும் குறிப்பு இருந்தது. எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்பதுகூட எழுதப்பட்டிருந்தது. விராலிமலையில் மழை அளந்து எழுதிய எவனோ ஒருவன், அன்றைக்கு மயில் எத்தனை நேரம் அகவியது என்பதையும் ஓரத்தில் எழுதி வைத்திருந்தான். அதைக் காட்டி, "மேலதிகாரி இவனைத் திட்டியிருப்பான். ஆனா பாரு, மழை போயிருச்சு, மயில் மட்டும் நிக்கிது" என்று அவர் சிரித்தார்.

சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் கல்லூரிக்காரர்கள் அவரை மொய்ப்பார்கள். வக்கீல் குமாஸ்தாக்கள் இனாம் நிலப் பதிவு கேட்டு வருவார்கள். ஆலங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் வரப்புத் தகராறுக்குப் படம் கேட்டு வந்து நிற்பார். எல்லோருக்கும் ஒரே சொல்தான்: "தேடுவோம்." பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்ததும் ரொம்பப் பெருமை அடித்துக்கொள்வார். "இந்தக் கட்டடத்துல இல்லைங்கிற சொல்லுக்கு அலமாரி கட்டலை" என்று மீசையைத் தடவுவார். அவர் தன்னடக்கக்காரர் என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் யூனியனோடு சேர்ந்து, எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவில் ஒரு துண்டாகிப்போனது. அதற்கப்புறம் சில வருஷங்களில், எதை வைத்துக்கொள்வது, எதைச் சென்னைக்கு அனுப்புவது, எதை அழிப்பது என்று உத்தரவு வந்தது. சில்லறைச் செலவுக் கணக்குகளெல்லாம் அழிக்கிற வகை. எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கழிக்கும் கட்டுகளை அவிழ்த்துப் பார்க்கக்கூடாது, மேல் துணியில் தைத்த சீட்டைப் படித்துத்தான் முடிவு செய்யவேண்டும். பழைய தாள் அவிழ்த்தால் அப்பளமாய் நொறுங்கும், நொறுங்கியதும் பக்கத்துக் கட்டோடு கலந்துவிடும் என்பதால் அவரே போட்ட விதி அது. அன்றும் சீட்டைப் படித்துத்தான் ஒதுக்கினார். பின்பக்கத்து வெளியில், நல்ல வெயிலில், குழி வெட்டி எரித்தோம். நான் தூக்கிக் கொடுக்க, பியூன் போட, அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வாந்திபேதிக் கொட்டகையின் அரிசிக் கணக்கு என்று ஒரு கட்டு. யுத்தக் காலத்தில் ஊருக்கு வெளியே பொட்டலில் கீற்றுக் கொட்டகை போட்டு, பேதி கண்டவர்களைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அங்கே பொங்கிய கஞ்சிக்கான கணக்கு அது. கட்டு தீயில் விழுந்து துணி எரிந்ததும் தாள்கள் ஒவ்வொன்றாய்ச் சுருண்டு தாமாகவே திரும்பின. திரும்பிய பக்கமும் வெறுமையாக இல்லை. நானே படித்தேன். ஒரு பேர், தகப்பன் பேர், ஊர், அதன் கீழே 'தெற்கு வரிசை, வேம்புக்கு மேற்கு'. அடுத்த தாளிலும் ஒரு பேர், ஒரு வரிசை. யுத்தத்தில் தாளுக்குப் பஞ்சம் என்பதால், அங்கே இருந்த எழுத்தர் அரிசிக் கணக்கின் முதுகிலேயே செத்தவர்களையும், அவர்களைப் புதைத்த இடத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

காப்பாளர் குழிக்குள் கையை விட்டார். பியூன் இடுப்பைக் கட்டி இழுத்தான். கையில் வந்தது கரிதான். உள்ளங்கை வெந்து தோல் உரிந்து தொங்கியது. "அய்யா, கை, கை" என்று நான் அலறுகிறேன், அவர் குழியையே பார்த்துக்கொண்டு, "எத்தனை பேருப்பா? எத்தனை பேருன்னு பாத்தியா?" என்று கேட்கிறார்.

கீரமங்கலத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தது அதற்குப் பிறகு. ஐம்பது வயதிருக்கும். உழவு வீட்டுப் பொம்பளை, கறுத்துத் திடமான உடம்பு. யாரோ வக்கீல் குமாஸ்தா, அந்தக் கட்டடத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மகன் பலாப்பழ வண்டி ஓட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தவன். வந்த இடத்தில் பேதி கண்டு கொட்டகையில் செத்தான். சேதி ஊருக்குப் போய், இவர்கள் வந்து சேர்வதற்குள் புதைத்தாகிவிட்டது. கொட்டகையைப் பிரித்து எரித்தும் ஆகிவிட்டது.

"எங்க போட்டாகன்னு மட்டும் சொல்லுங்கய்யா. ஒரு சொம்பு பால் ஊத்தணும். எம் மகளுக்குப் பாக்குற மாப்பிள்ளையெல்லாம் தட்டிப்போகுது. கோடாங்கிகிட்ட கேட்டா, 'ஒம் புள்ளை எடம் தெரியாம நிக்கிறான்'ங்கிறான். மக கலியாணம்கூடக் கெடக்கட்டும். அவன் எங்க கெடக்கான்னு தெரியாம எனக்குப் படுத்தா முதுகு தரையில ஒட்டலை."

நான் பசைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டேன். அவர் கட்டுப்போட்ட கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு, "உக்காருங்க ஆத்தா, தேடுவோம்" என்றார்.

அந்த அம்மாள் போனதும் நான் கெஞ்சினேன். "அய்யா, எரிஞ்சுபோச்சுன்னு சொல்லிருங்க. பாவம், அது நடையா நடக்கும்."

"ஒரு எடத்துலதான் எழுதியிருப்பாகளா? மனுசன் செத்தா நாலு எடத்துல கோடு விழும்ப்பா. தேடுவோம்."

உண்மையாகவே தேடினார். இத்தனை வகை ரிக்கார்டும் ஒரே கட்டடத்தில் எதற்கு இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொட்டகைக்கு வாங்கிய சுண்ணாம்புக்குக் கணக்கு கிடைத்தது. எங்கிருந்தோ வந்து குழி வெட்டிப் போனவர்களின் கூலிச் சீட்டிலே அவர்களுடைய பேர்தான் இருந்தது, குழிக்குள் போனவர்களின் பேர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்துப் பட்டியல் கிடைத்தது, கீற்று முடைந்தவனின் மனுகூடக் கிடைத்தது. செத்தவர்களைச் சுற்றி எல்லாம் இருந்தது. அவர்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை.

மாதம் ஒருமுறை, சந்தைக்கு வரும் சாக்கில், அந்த அம்மாள் வரும். கடலை அவித்து மடியில் கட்டிவரும். "இன்னிக்கி எம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?" என்று கேட்கும், அவர் எங்கேயோ நடந்து போய்க்கொண்டிருப்பது போல. அவரும் "கிட்ட வந்துட்டேன் ஆத்தா" என்பார். அந்தப் பேச்சைக் கேட்கச் சகிக்காமல் நான் பசை காய்ச்சப் போய்விடுவேன்.

ஒருநாள் அவர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்பாரற்ற மாடுகளை அடைத்து வைக்கிற போலீஸ் பவுண்டின் புத்தகத்தில் அந்த வண்டி மாடுகள் கிடைத்துவிட்டன. அந்த அம்மாள் வந்ததும் வாசித்தார். "பலாப்பழம் ஏத்தின வண்டி, ஆள் இல்லாம நின்னது. மாடு ரெண்டு. ஒண்ணு மயிலை, ஒண்ணு செவலை. செவலைக்கு எடது கொம்பு நுனி ஒடஞ்சது. மயிலைக்கு வலது தொடையில சூட்டுத் தழும்பு."

"அய்யோ, அதேதான்! அந்தச் செவலை எங்க வீட்டுக் கன்னுய்யா. சின்னதுல மதகுல முட்டி ஒடைச்சுக்கிருச்சு." அந்த அம்மாள் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்த முகம் அப்படியே கோணியது. "மாட்டுக்குக் கொம்பு ஒடஞ்சதைக்கூட எழுதியிருக்காக. அதை ஓட்டிட்டு வந்தவனுக்கு ஒரு வரி எழுதலையா?"

அவர் புத்தகத்தை மூடவும் இல்லை, திறந்தபடி வைத்திருக்கவும் முடியவில்லை. வெந்து ஆறிய கையை அதன் மேல் வைத்தபடியே இருந்தார்.

அந்த அம்மாள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "போதும்யா. ஒங்களையும் அலக்கழிச்சிட்டேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கேட்டுக்கிட்டுப் போயிர்றேன். இனிமே வரமாட்டேன்."

இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிஷம் எனக்குள் அப்படியே நிற்கிறது. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கும்பிடுகிறேன். அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

"கெடைச்சிருச்சு ஆத்தா" என்றார். "அடுத்த சந்தைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். பால் வாங்கிக்கிட்டு வாங்க, போவோம்."

ஜட்கா வைத்து மூவரும் போனோம். ஊருக்கு மேற்கே செம்புறாங்கல் பொட்டல், முழங்கால் உயரத்துக்குச் சூரைமுள். கொட்டகை இருந்த அடையாளமே தெரியவில்லை. ஒரு வேம்பு மட்டும் நின்றது. அவர் இறங்கி, வயல் அளக்கப் போகிறவர் மாதிரி விறுவிறுவென்று நடந்தார். வேம்பைத் தாண்டி, தெற்கே திரும்பி, ஓரிடத்தில் நின்று கைத்தடியை ஊன்றினார். "இங்கதான்."

அந்த அம்மாள் உட்கார்ந்தது. முள்ளைக் கையாலேயே ஒதுக்கியது. பிறகு குப்புறப் படுத்துக் கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டது. அழவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி மண்ணைத் தடவிக்கொண்டிருந்தது. பால் ஊற்றி, ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்தபின் தலைநிமிர்ந்து கேட்டது:

"இவனுக்குப் பக்கத்துல யாரு இருக்காக?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் தடியை இரண்டடி தள்ளி ஊன்றினார். "விராலிமலைக்காரரு ஒருத்தரு. பெரிய மனுசன்."

"நல்லதாப் போச்சு. வயசாளி தொணைக்கு இருக்காரு." சொம்பில் மிச்சமிருந்த பாலை அங்கேயும் ஊற்றியது. "அய்யா, எம் பய கொஞ்சம் வாயாடி. பாத்துக்கிடுங்க" என்று அந்த வெற்று மண்ணிடம் சொன்னது.

கட்டடத்துக்கு வந்த பிறகு நான்தான் கேட்டேன். "பொய்யாச்சேங்கய்யா. நாளைக்கி யாராச்சும் கேட்டா?"

"வாயால சொன்னது காத்தோட போயிரும்ப்பா. எழுதினாத்தான் பொய். நான் ஒரு எழுத்து எழுதினேனா?"

காற்றோடு போகவில்லை. கீரமங்கலத்து மகளுக்கு அந்த ஆவணியில் கலியாணம் கூடிவந்தது. அதோடு சேதி பரவிவிட்டது. திருமயத்துப் பக்கமிருந்து ஒரு கிழவர், தம்பியைத் தேடி. அன்னவாசலிலிருந்து ஒரு விதவை, பாதி முகம் மட்டும் ஞாபகமிருந்த புருஷனைத் தேடி. புதுக்கோட்டை ஐயா இடம் காட்டுகிறார் என்று வந்தார்கள். அவரும் "தேடுவோம்" என்பார். கொஞ்ச நாள் தவணை சொல்லி, பிறகு கூட்டிப்போய்த் தடியை ஊன்றுவார். ஆளுக்கு ஒரு செம்புறாங்கல் நட்டார்கள். வரிசை வரிசையாய்க் கல். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதையெல்லாம் மாறாமல் சொல்லவேண்டும், அத்தனையும் தலைக்குள் வைத்திருந்தார். சில நேரம் மேசையில் உட்கார்ந்தபடி உதடு அசைய ஒப்பிப்பார். "தெற்கு வரிசை, வேம்புக்கு மேற்கு..." ஆராய்ச்சிக்கு வந்தவர் ஒருவர், "அய்யா ஏதோ ஸ்தோத்திரம் சொல்றாரா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

விராலிமலைப் பெரியவரைத் தேடித்தான் யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? ஆனால் அவருக்கும் கல் இருந்தது. கீரமங்கலத்து அம்மாள் நட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பொட்டலை அரிசி மில்லுக்குக் கொடுப்பதாய்ப் பேச்சு வந்தது. நிலம் அளக்க வந்த சர்வேயர் இளைஞர், நியாயமான ஆள். கல் வரிசையைப் பார்த்தார், பால் ஊற்ற வந்த சனத்தைப் பார்த்தார். ஒவ்வொரு கல்லையும் அளந்து, சொன்ன பேரையெல்லாம் கேட்டு, படத்தில் இடுகாடு என்று குறித்துவிட்டார். அந்தப் படம் கையெழுத்துக்காக எங்கள் கட்டடத்துக்கு வந்தது. புதிதாய் உள்ளே வரும் எந்தப் படத்தையும் காப்பாளர் பழைய ரிக்கார்டோடு ஒத்துப்பார்த்து, ஒத்திருக்கிறது அல்லது முன் பதிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும்.

சர்வேயரே நேரில் கொண்டுவந்திருந்தார். "சார், முன்ன பதிவு இருந்துச்சுன்னா எடம் தப்பிச்சிரும். இல்லைன்னா கல்லையெல்லாம் பேத்துருவாங்க. இந்தம்மா என்னைய விடமாட்டேங்குது" என்று சிரித்தார். பின்னால் கீரமங்கலத்து அம்மாள் நின்றது. தலை முழுக்க நரைத்திருந்தது.

"எம் மவன் பேரு ஏறியிருக்காமே அய்யா? எங்கன்னு காட்டுங்க" என்று அந்த அம்மாள் படத்தின் மேல் குனிந்தது. படிக்கத் தெரியாது. சர்வேயர் விரல் வைத்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "மாடு மட்டும்தான் ஏறியிருந்துச்சு. இப்ப ஓட்டிட்டு வந்தவனும் ஏறிட்டான்."

அவர் பேனாவை எடுத்தார். அந்தக் கட்டடத்தில் ஒரு பொய் எழுத்தைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. போலிப் பத்திரம் நுழைக்க வந்த பெரிய மனிதரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியேற்றியவர். மாட்டிக்கொண்டால் அவருக்கு வேலை போகும், பென்ஷன் போகும், சாட்சியாய் இருந்த என்னையும் சேர்த்து இழுப்பார்கள். இத்தனையும் ஒரே மூச்சில் என் நெஞ்சுக்குள் ஓடி முடிவதற்குள் அவர் எழுதிவிட்டார். முன் ரிக்கார்டுடன் ஒத்திருக்கிறது.

மை உலரும் வரை காத்திருந்து, படத்தைச் சுருட்டி, அவரே கொண்டுபோய் வயல் படங்களோடு வைத்துப் பூட்டினார். சர்வேயரும் அந்த அம்மாளும் சந்தோஷமாகக் கும்பிட்டுப் போனார்கள். மில் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

பணி ஓய்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு சாயங்காலம், "பொட்டலுக்குப் போயிட்டு வருவோமாப்பா" என்று அவரே கேட்டார். நடந்தே போனோம். கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நடுவில் பாதையெல்லாம் போட்டுச் சுத்தமாய் இருந்தது. ஒரு கல்லடியில் ஊற்றிய பாலை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. கல் வரிசைக்கு வெளியே மூன்று பக்கமும் அதே சூரைமுள், அதே செம்மண், கல்லில்லாமல்.

ரோட்டோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பொட்டலில் இறங்கப் போனவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"வாங்கய்யா, பாதை இருக்கே" என்றேன்.

"கல்லு நான் சொன்ன எடத்துல இருக்கு. ஆளுக எங்க இருக்காகன்னு யாருக்குத் தெரியும்?" பாதையைப் பார்த்தார், முள்காட்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "யாரு மேல மிதிக்கிறேன்னே தெரியலைப்பா."

தூக்கிய காலைப் பின்னால் எடுத்து ரோட்டிலேயே வைத்தார். பொழுது சாயும்வரை அங்கேயே, வெறுங்காலோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.